ஆடித் தள்ளுபடியில ஃபிஃபி தீவு: அம்மாவோட ஸ்பீட் போட்ல போலாமுங்களா?

பல்லடம் தறிக்காரன்:
வணக்கமுங்க. ஆடியில தறி எப்படியும் மந்தம், கல்யாணங்காச்சியும் கிடையாது. ஊட்டுல எல்லாரும் ஒட்டுக்கா எங்காச்சும் போயிட்டு வரலாம்னு பேச்சு. அண்ணன் குடும்பம், மச்சான் குடும்பம், நாங்க, அம்மான்னு பன்னெண்டு பேருங்க. ஏஜெண்ட் ஒருத்தர் தாய்லாந்துல இருக்கற புக்கெட் தீவுக்கு ஆடித் தள்ளுபடின்னு பேக்கேஜ் சொல்றார். அதுல ஒரு நாள் முழுக்க ஸ்பீட் போட்ல ஃபிஃபி தீவு, அங்க மாயா பேங்கற குட்டி வளைகுடா, பாம்பூ தீவு எல்லாம் சுத்திக் காட்டி சாயங்காலம் ரூம்ல விட்ருவாங்களாம்.

அம்மாவுக்கு 68 வயசு. முட்டி வலி, சுத்த சைவம். கடல்னா ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்துல முங்குனதோட சரி. பசங்க கெணத்துல நல்லா நீந்துவானுங்க. மச்சான் சம்சாரம் கொடிவேரியில பரிசல் ஏறுனாலே கண்ணை மூடிக்கும். இந்தக் கூட்டத்தை ஒரே படகுல ஏத்தலாமுங்களா? போயிட்டு வந்தவங்க சொல்லுங்க.

திருப்பூர் பனியன்:
யோசிக்காதீங்க ப்ரோ, ஸ்பீட் போட்டே போடுங்க. நாங்க ஆபீஸ் செட்டா போனோம், வேற லெவல். முன்னாடி சீட்டைப் புடிச்சுக்குங்க, வியூ அங்கதான்.

கோபி அக்கா:
தம்பி, பனியன் சொன்னதுல அந்த முன்னாடி சீட்டை மட்டும் கேட்டுக்காதீங்க. வயசுப் பசங்களுக்குச் சரி. அலையில ஸ்பீட் போட் ஓடறப்போ மூக்குதான் தூக்கித் தூக்கிப் போடும். அந்த இடத்துல அம்மாவை உக்கார வெச்சா எறங்கறப்போ முட்டியோட இடுப்பும் சேர்ந்து போயிரும். கர்ப்பமா இருக்கறவங்களையும் முதுகுத்தண்டுல பிரச்சினை இருக்கறவங்களையும் ஸ்பீட் போட்ல ஏத்த மாட்டோம்னு நெறைய கம்பெனிக்காரங்க முன்னாடியே சொல்லிருவாங்க, காரணம் இதுதான். உக்காந்தே தீரணும்னா நடுவுக்குக் கொஞ்சம் பின்னால. ஒரேயடியா கடைசிக்குப் போனா இஞ்சின் பொகை கொமட்டும்.

நாங்க போனப்போ எங்க மாமியாரும் வந்திருந்தாங்க, அதனால உங்க கவலை எனக்குப் புரியுது. படகுத்துறையிலயே எல்லார் செருப்பையும் வாங்கி ஒரு கூடையில போட்டுருவாங்க. அப்புறம் நாள் முச்சூடும் வெறுங்காலுதான். தீவுல எறங்கறதுக்குப் படகோட பின்பக்கம் ஒரு சின்ன ஏணி இருக்கும், அதோட கடைசிப் படி தண்ணிக்குள்ள. படகு ஆடிட்டே இருக்கும், கீழ மணலா கல்லான்னு தெரியாது. சேலை கட்டிட்டு, ஒரு கையில கொசுவத்தைப் புடிச்சிட்டு, இன்னொரு கையில ஏணியைப் புடிச்சிட்டு எறங்கறதை நெனச்சுப் பாருங்க. அதுவும் ஒவ்வொரு தீவுலயும். எங்க மாமியார் ரெண்டாவது தீவுலயே "நான் படகுலயே உக்காந்துக்கறேன் சாமி, நீங்க போயிட்டு வாங்க"ன்னுட்டாங்க. அம்மாவுக்குச் சுடிதார் போட்டுவுட முடிஞ்சா பாதி பிரச்சினை தீர்ந்துது. எங்க ஊட்டுல அது நடக்கல.

இப்ப ஆடி விசயத்துக்கு வர்றேன். உங்க ஏஜெண்ட் தள்ளுபடி குடுக்கறது உங்களுக்குத் தறி மந்தம்னு இல்ல, அவங்களுக்குக் கடல் மோசம்னு. மே மாசத்துல இருந்து அக்டோபர் வரைக்கும் புக்கெட்டோட மேற்குக் கடலுக்குத் தென்மேற்குப் பருவக்காத்து நேரா வந்து அடிக்கும். கரையில செவப்புக் கொடி நட்டு வெச்சிருப்பாங்க, எறங்கக் கூடாதுன்னு அர்த்தம். 2018 ஜூலை 5-ஆம் தேதி ஃபீனிக்ஸ்னு ஒரு சுற்றுலாப் படகு புக்கெட்டுக்குப் பக்கத்துல புயல்ல மாட்டிக் கவுந்து 47 பேர் செத்துட்டாங்க. அது ஸ்பீட் போட் கூட இல்ல, அதைவிடப் பெருசு. தெனமும் அப்படி ஆகும்னு பயமுறுத்தல. ஆனா அந்த மாசத்துல காலையில எந்திரிச்சு ரெடியானப்புறம் "இன்னிக்குப் படகு கிடையாது"ன்னு சொல்றது சகஜம்.

இன்னொன்னு, ஏஜெண்ட் இதைச் சொன்னாரான்னு கேளுங்க. மாயா பே வருசா வருசம் ஆகஸ்ட், செப்டம்பர் ரெண்டு மாசமும் மூடிருவாங்க. கூட்டத்துல பவளப்பாறை நாசமாகி ஜூன் 2018-ல மூடுனதை 2022 ஜனவரி வரைக்கும் தொறக்கவே இல்ல. இப்பத் தொறந்திருக்கற மாசத்துலயும் அங்க நீந்த உடறதில்ல, முழங்கால் தண்ணியோட சரி. கறுப்புத் துடுப்புச் சுறாக் குட்டிங்க கரையோரம் மேயுது, அதுக்காக. படகும் முன்பக்கம் வராது. பின்னால லோ சாமா பேன்னு ஒரு எடத்துல மிதவைப் பாலத்துல எறக்கி விடுவாங்க, அங்கிருந்து நடந்து போகணும். ஏணிக் கூத்து இல்லாம அம்மாவால எறங்க முடிஞ்சா அது இங்க ஒண்ணுலதான்.

எப்ப போறதுன்னா நவம்பர்ல இருந்து ஏப்ரலுக்குள்ள. தைப்பொங்கல் லீவு அருமை. அதுலயும் நாள் பாருங்க. அமாவாசை, பௌர்ணமி ஒட்டுன நாள்ல கடல் எச்சா ஏறி எச்சா வத்தும். வத்துன நேரத்துல படகு கரைக்குக் கிட்ட வராம எட்டவே நின்னுக்கும், பாறை மேல கால் வெச்சுத் தண்ணியில நடக்கணும். அஷ்டமி நவமியில நம்மூர்ல வண்டி எடுக்கவே யோசிப்பாங்க, ஆனா தண்ணி ஏத்தமும் வத்தலும் கம்மியா இருக்கறது அந்த நாளுங்கள்லதான். எங்க ஊட்டுக்காரர் காலண்டரைப் பாத்துட்டு "நல்ல நாள் பாத்தியே"ன்னு மொறச்சார்.

பன்னெண்டு பேரும் ஒரே படகுலதான் போகணுமா? என்னைக் கேட்டா வேண்டாம். ஒரு நாள் எல்லாரும் பாங்-ஙா வளைகுடாவுக்குப் போங்க, பெரிய படகுல. புக்கெட் தீவுக்கும் நெலத்துக்கும் நடுவுல ஒதுங்குன கடல், அங்க அலை ரொம்பக் கம்மி. செங்குத்தான சுண்ணாம்புப் பாறை தண்ணியிலிருந்து எந்திரிச்சு நிக்கும். அதுல ஒண்ணுதான் 1974-ல ஜேம்ஸ் பாண்ட் படத்துல வந்த தூண். தண்ணிக்குள்ள தூண் நட்டு ஒரு ஊரே கட்டியிருக்காங்க, பன்யீன்னு பேரு, பள்ளிவாசலோட. பெரிய படகுல கக்கூஸ் இருக்கும், அம்மா சாஞ்சு படுத்துக்கவும் எடம் இருக்கும். மச்சான் சம்சாரத்துக்கும் இதுதான் ஒத்து வரும்.

அடுத்த நாள் வேணுங்கறவங்க மட்டும் ஸ்பீட் போட்ல ஃபிஃபி போயிட்டு வரட்டும். கெணத்துல நீந்துறானுங்கன்னு லைஃப் ஜாக்கெட்டைக் கழட்ட உடாதீங்க. கெணத்துத் தண்ணி ஆளை இழுத்துட்டுப் போகாது, கடல் நீரோட்டம் இழுக்கும். குரங்கு பீச்னு ஒண்ணு காட்டுவாங்க, தூரத்துல இருந்தே பாத்துக்குங்க. கடிச்சா ஊர் திரும்புற வரைக்கும் வெறிநாய்க்கடி ஊசிதான்.

படகு நாளைப் பயணத்தோட மொத நாள்லயோ ரெண்டாவது நாள்லயோ வெச்சுக்குங்க. வானிலை கெட்டா அடுத்த நாளைக்குத் தள்ளலாம். கடைசி நாளுக்கு வெச்சா பணம் திரும்ப வாங்கறதுக்கு ஃபோனைப் புடிச்சுட்டு நிக்கணும். ஃபிஃபி தேசியப் பூங்காக் கட்டணம், வெளிநாட்டுக்காரங்களுக்கு ஆளுக்கு 400 பாட் (தாய்லாந்துப் பணம்), குழந்தைக்கு 200, பேக்கேஜ்ல சேர்த்தியான்னு எழுத்துல வாங்கிக்குங்க. சன்ஸ்கிரீன் அட்டையில ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்சேட்னு இருந்தா ஊட்டுலயே வெச்சுட்டுப் போங்க. பவளப்பாறைக்குக் கெடுதல்னு 2021-ல இருந்து தாய்லாந்துத் தேசியப் பூங்காக்கள்ல தடை, அபராதம் ஒரு லட்சம் பாட் வரைக்கும்.

சூலூர்க்காரர்:
அக்கா சொன்னதுல மறுப்பில்லைங்க. அம்மாவுக்குப் பாஸ்போர்ட் இல்லைன்னா அந்தமானும் பாக்கலாம். முன்ன போர்ட் பிளேர்னு இருந்தது, 2024-ல ஸ்ரீ விஜயபுரம்னு மாத்துனாங்க. அங்கிருந்து ராஸ் தீவு (இப்ப நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவுன்னு பேரு), நார்த் பே ரெண்டும் ஒரே நாள்ல படகுல போய் வரலாம். ராஸ்ல வெள்ளைக்காரன் கட்டடமெல்லாம் ஆலவேருக்குள்ள கெடக்குது, மான் சுத்தி வரும். பழைய செவப்பு இருபது ரூவா நோட்டுப் பின்னால ஒரு தென்னந்தோப்பு இருக்குதுல்ல, அது நார்த் பேதான். தமிழ்ல பேசியே காலத்தை ஓட்டிரலாம். ஆனா ஆடியில அங்கயும் அதே காத்து, அதே மழைதானுங்க.

பல்லடம் தறிக்காரன்:
ரொம்ப நன்றிங்க அக்கா. ஏஜெண்டுக்கு இப்பத்தான் ஃபோன் போட்டேன். ஆகஸ்ட்ல மாயா பே மூடியிருக்குமேன்னேன். "அதுக்குப் பதிலா வேற பே காட்டுவாங்க சார்"ங்கறார். தைக்கு மாத்துனா தள்ளுபடி இல்லையாம், போகட்டும். பாஸ்போர்ட் அம்மாவுக்கு இருக்குதுங்க, அண்ணன் பையன் சிங்கப்பூர்ல இருந்தப்போ எடுத்தது. சாப்பாட்டுக்கு என்ன பண்றதுங்க? வாந்தி மாத்திரை ஏதாச்சும்?

கோபி அக்கா:
படகுக்காரங்க குடுக்கற "வெஜ்" சோத்துலயும் மீன் சாறு ஊத்தியிருப்பாங்க தம்பி, அவங்களுக்கு அது உப்பு மாதிரி. "ஜே"ன்னு சொல்லிக் கேளுங்க. சீனக்காரங்க விரதச் சாப்பாடு, மீனு, முட்டை, பூண்டு, வெங்காயம் எதுவும் இருக்காது. மஞ்சக் கொடியில செவப்பு எழுத்துப் போட்ட கடைன்னா அது ஜே கடை. புக்கெட்ல அதுக்குன்னே ஒம்பது நாள் நோம்பி உண்டு, பெரும்பாலும் நம்ம நவராத்திரி ஒட்டியே வரும். படகுல அது கெடைக்காட்டி "காவ் ப்ளாவ்"னு கேட்டா வெறுஞ்சோறு குடுப்பாங்க. பருப்புப்பொடியும் நெய்யும் எவர்சில்வர் டப்பாவுல போட்டு எடுத்துக்குங்க, பூங்காவுக்குள்ள பிளாஸ்டிக் பை, தெர்மாகோல் டப்பா உடமாட்டாங்க.

வாந்திக்கு அவோமின் போடறவங்க கெளம்பறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே போட்டுக்கணும், படகு ஆடுனப்புறம் போட்டுப் பிரயோஜனமில்ல. தூக்கம் வரும். அம்மா பிரஷர், சர்க்கரைன்னு வேற மாத்திரை சாப்பிட்டா டாக்டரைக் கேக்காமக் குடுத்துராதீங்க. வெறும் வயித்தோட ஏத்தாதீங்க, ரெண்டு இட்லி போதும். பூரி வேண்டவே வேண்டாம், பசங்க கேட்டாலும்.