‘மாக்’ என்ற ஆங்கிலச் சொல் கேலியா, மாதிரியா?

கேள்வி (பாலக்கோடு):
எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு மாலையில் ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறேன். நேற்று ‘மாக்’ என்பதற்குக் கேலி செய்தல் என்று பொருள் சொன்னதும், நீட் பயிற்சிக்காகத் தருமபுரிக்குச் சென்று வரும் மாணவி ஒருத்தி, “அப்படியானால் நாங்கள் எழுதும் மாக் டெஸ்ட் எங்களைக் கேலி செய்கிற தேர்வா?” என்று கேட்டுவிட்டாள். இந்த இரண்டு பொருளும் ஒரே சொல்லில் எப்படி வந்து சேர்ந்தன?

பதில் (கிருஷ்ணகிரி):
ஐயா, பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தபோது இச்சொல்லுக்கு ஏளனம் செய்தல் என்பதே பொருள். ஒருவரை ஏளனம் செய்ய எளிய வழி அவரைப் போலவே பேசியும் நடந்தும் காட்டுவது என்பதால், போலச் செய்தல் என்ற பொருளும் அதனோடு ஒட்டிக்கொண்டது. பிறகு சில இடங்களில் ஏளனம் உதிர்ந்துபோய், போலி என்பது மட்டும் எஞ்சியது. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் விலை மிகுந்த கடலாமைக்குப் பதிலாகக் கன்றின் தலையை வேகவைத்துச் செய்த சூப்புக்கு ‘மாக் டர்ட்டில்’ என்று பெயரிட்டபோது, யாரும் ஆமையைக் கேலி செய்யவில்லை. நம்மிடமும் இந்த உறவு உண்டு. பெரியவர் சொன்னதையே வாயைக் கோணி ஒரு சிறுவன் திருப்பிச் சொன்னால், ‘அழகு காட்டுகிறான்’ என்கிறோம். போலச் செய்வதும் பழிப்பதும் அங்கே ஒரே செயல்தான்.

பதில் (ஓசூர்):
மேலே உள்ள விளக்கத்தை ஏற்கிறேன். ஆனால் மொழிபெயர்க்கும்போது தமிழ் இவ்விரு பொருளையும் தனித்தனிச் சொற்களால் பிரித்துவிடுகிறது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். தேர்தல் நாளில் வாக்குப்பதிவு தொடங்குமுன் முகவர்கள் கண்ணெதிரே குறைந்தது 50 வாக்குகளைப் பதிந்து இயந்திரத்தைச் சோதிப்பது மாதிரி வாக்குப்பதிவு. தீயணைப்புத் துறையினர் பள்ளியில் செய்து காட்டுவது ஒத்திகை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் முன்னே ‘மாக்’ நிற்கிறது. எங்கள் ஊர் வரவேற்பு விருந்துகளில் தருகிற மாக்டெயிலும் மது கலவாத போலிக் காக்டெயில்தான். (மனப்பாடம் செய்வதைக் குறிக்கும் ‘மக்’ வேறு சொல், பிள்ளைகள் குழப்பிக்கொள்வார்கள்.)

பதில் (பென்னாகரம்):
வினைச்சொல்லாக வரும்போது ஏளனப் பொருள் இன்றும் கூர்மையானது. மாமன் மகளைச் சீண்டும் அன்பான கிண்டலுக்கு ஆங்கிலத்தில் ‘டீஸ்’ பொருந்தும். ‘மாக்’ என்றால் அதில் இளக்காரம் கலந்திருக்கிறது. ஆகவே கிண்டல், நக்கல் என்பவற்றைவிட எள்ளல், ஏளனம் என்பவையே அதற்கு நெருக்கமானவை. நகை பிறக்கும் நான்கு இடங்களில் எள்ளலைத்தான் தொல்காப்பியம் முதலில் வைக்கிறது. தெருக்கூத்தில் கட்டியங்காரன் ராஜாவைப் போல நடந்து காட்டும்போது சபை சிரிப்பதும் அந்த வகைதான்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. இன்று கரும்பலகையில் ‘மாதிரித் தேர்வு’ என்று எழுதிவிட்டு, அழகு காட்டும் கதையையும் சொன்னேன். சென்ற வார மதிப்பெண்ணைப் பார்த்தால் பழைய பொருளே சரியென்று தோன்றுவதாக அந்த மாணவி சொல்கிறாள்.