பீன்யா ஆலை: விருப்ப ஓய்வை ஏற்பதா, காத்திருப்பதா?

தாசரஹள்ளிக்காரன்:
பெங்களூரின் பீன்யாவில் 17 ஆண்டுகளாக நான் பணிபுரியும் உதிரிபாக ஆலை மூடப்படும் என்ற பேச்சு ஒன்றரை ஆண்டாக நடக்கிறது. மூன்று ஷிஃப்ட் ஒன்றாகிவிட்டது. பழுதுபார்க்கவென்று கொண்டுபோன இரண்டு சி.என்.சி (கணினியால் இயங்கும்) எந்திரங்கள் திரும்பவில்லை. நிர்வாகமோ மூடுவோம் என்றும் சொல்வதில்லை, மூடமாட்டோம் என்றும் சொல்வதில்லை. இப்போது பணிபுரிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 45 நாள் ஊதியம் என விருப்ப ஓய்வு அறிவிப்பை ஒட்டியிருக்கிறார்கள். மாத இறுதிக்குள் கையெழுத்திட வேண்டும். எனக்கு வயது 43, அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்த்து ஊதியம் 32,000 ரூபாய். இதற்கிடையே, எட்டு லட்சத்துக்குப் போகியத்தில் இருக்கும் வீட்டை இன்னும் இரண்டு லட்சம் கொடுத்து மூன்றாண்டுக்குப் புதுப்பிக்கும்படி வீட்டுக்காரர் கேட்கிறார். என்ன செய்யலாம்?

ஓய்வுபெற்ற ஃபிட்டர்:
கையெழுத்துப் போடாதீர்கள், தம்பி. ஜலஹள்ளியில் 1961-ல் தொடங்கிய எச்.எம்.டி கைக்கடிகார ஆலையை நினைத்துப் பாருங்கள். நீண்ட காலம் நட்டத்தில் தள்ளாடிய அந்நிறுவனத்தை மூட 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை முடிவெடுத்தபோது, கடைசிவரை இருந்தவர்களுக்கு 2007 ஊதிய விகிதத்தைக் கணக்கில் கொண்டு ஓய்வுத் தொகை கொடுத்தார்கள். பொறுத்திருந்தவர்கள் ஏமாளிகள் அல்லர்.

லக்கெரே கணக்கர்:
ஐயா, அது அரசு நிறுவனம். அங்கே பணம் கொடுத்தது அரசுக் கருவூலம். இங்கே முதலாளி தனியார். 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டத்தில், 100 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள ஆலையை மூட அரசின் முன் அனுமதி வேண்டியிருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடப்பில் உள்ள தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு அந்த வரம்பை 300 ஆக்கிவிட்டது. இவர் ஆலையில் எத்தனை பேர்?

தாசரஹள்ளிக்காரன்:
ஏறத்தாழ 240 பேர்.

லக்கெரே கணக்கர்:
அப்படியானால் 60 நாள் அறிவிப்புக் கொடுத்துவிட்டு மூடலாம். அப்போது கிடைப்பது ஆண்டுக்கு 15 நாள் ஊதியம்தான், அதாவது மாதத்துக்கு 26 வேலைநாள் என்ற கணக்கில் சுமார் 3.1 லட்சம், இப்போது கையெழுத்திட்டால் சுமார் 9.4 லட்சம். கிராஜுவிட்டியும் வருங்கால வைப்பு நிதியும் இரண்டு வழியிலும் உண்டு. வெளியே 18,000 ரூபாய்க்கு வேலை கிடைத்தால் மாத இழப்பு 14,000. இரு தொகைக்கும் வேறுபாடு சுமார் 6.3 லட்சம். ஆகவே காத்திருப்பது இலாபமாக வேண்டுமானால் ஆலை இன்னும் 45 மாதமாவது ஓட வேண்டும். ஒரே ஒரு ஷிஃப்ட்டில் அது நடக்குமா?

ஓய்வுபெற்ற ஃபிட்டர்:
அந்த 18,000 ரூபாய் வேலை இன்று யார் கையில் இருக்கிறது? 43 வயதில் காண்ட்ராக்ட்காரர் முன் நின்று பார்த்தவர்களைக் கேளுங்கள். வேலையே கிடைக்காவிட்டால் மாத இழப்பு முழு 32,000 ஆகி, உங்கள் 45 மாதம் 20 ஆகச் சுருங்கிவிடும். கணக்கு சரியாக இருக்கலாம், அதில் போட்ட எண்தான் ஊகம்.

லக்கெரே கணக்கர்:
ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆலை நிற்காது என்பதும் ஊகந்தானே, ஐயா.

தருமபுரி மகள்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். என் அப்பாவும் இப்படி ஓர் ஆலையில் மூன்றாண்டு காத்திருந்தார். ஆலை மூடியதைவிட, அது மூடுமா என்று தெரியாத அந்த மூன்றாண்டுதான் எங்களை அதிகம் அரித்தது. அக்காவின் கல்யாணம் தள்ளிப்போனது. ஊரில் பாதி கட்டிய வீட்டுக்குக் கூரை போடவில்லை. ‘அடுத்த மாதம் தெரிந்துவிடும்’ என்பதே அம்மாவின் தினசரி வாக்கியமாயிற்று. அப்பாவின் ஆலைக்குள் நடப்பதை நாங்கள் தீர்மானிக்க முடியவில்லை, வீட்டுக்குள் நடப்பதையாவது தீர்மானித்திருக்கலாம். எனவே அண்ணா, விருப்ப ஓய்வுக்கு முன் வீட்டை முடியுங்கள். பத்து லட்சத்தை மூன்றாண்டுக்குப் பூட்டிவிட்டால், கையெழுத்திட்டாலும் இடாவிட்டாலும் உங்கள் கையில் பணமிராது. போகியப் பணத்தை வீட்டுக்காரர்கள் கேட்ட நாளில் திருப்புவதில்லை என்பது நமக்குத் தெரியாததா?

லக்கெரே கணக்கர்:
மாத வாடகைக்குப் போனால் அது 12,000 ரூபாயை விழுங்குமே, அம்மா. போகியத்தின் நன்மையே மாதச் செலவில்லாததுதான்.

தருமபுரி மகள்:
போகியத்தை விடச் சொல்லவில்லை. கால அளவைக் குறைக்கச் சொல்கிறேன்.

தாசரஹள்ளிக்காரன்:
நேற்று இரவு வீட்டுக்காரரிடம் ஆலையின் நிலையை மறைக்காமல் சொன்னேன். கூடுதல் பணமின்றிப் பதினொரு மாதத்துக்கு நீட்டிக்கச் சம்மதித்தார். விருப்ப ஓய்வுப் படிவம் இன்னும் பீரோவில்தான் இருக்கிறது. 28-ஆம் தேதி சங்கக் கூட்டம். 45 நாளை 60 ஆக்கக் கேட்கப்போகிறார்களாம்.