வெளிறிப்போன பிளாஸ்டிக் ஓரப் பட்டை, சுழலும் ரிவெட்: பழைய கோல்ஃப் வண்டிக்கு உதவி தேவை

கேள்வி (யீஷூன் பராமரிப்பாளர்)

அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரின் யீஷூனில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்புப் பணி செய்கிறேன். நடக்கச் சிரமப்படும் பெரியவர்களை வளாக வாசலிலிருந்து உடற்பயிற்சிக் கூடம்வரை ஏற்றிச் செல்ல, ஆறு பேர் அமரக்கூடிய பழைய மின்சாரக் கோல்ஃப் வண்டி ஒன்று எங்களிடம் உள்ளது. பல ஆண்டுகளாகக் கூரையில்லாத இடத்தில் நின்றதால், கதவோரத்திலும் சக்கர வளைவுகளிலும் உள்ள கறுப்புப் பிளாஸ்டிக் பட்டைகள் சாம்பல் நிறமாக வெளிறிவிட்டன. விரலால் தேய்த்தால் வெள்ளைப் பொடி ஒட்டுகிறது. டயருக்குப் பூசும் பளபளப்புத் திரவத்தைத் தடவினேன். ஒரே மழையில் அது கரைந்து, வெள்ளை உடற்பகுதியில் கோடு கோடாக வழிந்துவிட்டது.

இதைவிடப் பெரிய கவலை ரிவெட்டுகள்தான். பட்டையைச் சட்டகத்தோடு பிடித்திருந்த பழைய ரிவெட்டுகளில் நான்கு தளர்ந்துவிட்டன. அவற்றை அகற்றிவிட்டு, ஜாலான் புசாரில் வாங்கிய 4.8 மில்லிமீட்டர் விட்டமுள்ள ரிவெட்டுகளை (நடு ஊசியைக் கைத் துப்பாக்கி போன்ற கருவியால் இழுத்தால் பின்முனை பிதுங்கி இறுகும் வகை) அடித்தேன். நான்கில் இரண்டு, இழுத்த உடனேயே கையால் சுழற்றும் அளவுக்குத் தளர்வாக நிற்கின்றன. மற்றொன்றின் அருகே பிளாஸ்டிக்கில் மயிரிழை போன்ற விரிசல் விழுந்துள்ளது. பட்டையின் கூர்மையான நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பெரியவர்களின் தோல் கிழிந்துவிடும் என்பதால் வண்டியை ஓட்டாமல் நிறுத்தி வைத்திருக்கிறேன். எங்கே தவறு செய்தேன்?

பதில் (ஜூரோங் பட்டறைக்காரர்)

தம்பி, வண்டியை நிறுத்தி வைத்தது மிகச் சரியான முடிவு. எதையும் தொடுவதற்கு முன் சாவியை எடுத்துவிட்டு, இருக்கைக்கு அடியில் 'ரன்' (ஓட்டம்), 'டோ' (இழுத்துச் செல்லுதல்) என்று எழுதிய சுவிட்ச் இருந்தால் அதை 'டோ' பக்கம் தள்ளிவிட்டு, மின்கலத் தொகுதியின் முதன்மை எதிர்முனைக் கம்பியைக் கழற்றுங்கள். ஈயஅமில மின்கலங்கள் மின்னேற்றத்தின்போது ஹைட்ரஜன் வாயுவை வெளியிடும். ஆகவே மின்னேற்றி இணைந்திருக்கும்போதோ, மின்னேற்றம் முடிந்த கையோடோ அவற்றின் பக்கத்தில் டிரில் ஓட்டாதீர்கள். பட்டைக்குப் பின்னால் மின்கம்பிகள் போகின்றனவா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

இனி மூன்று தகவல்கள் வேண்டும். பட்டையும் சட்டகமும் சேர்ந்து எத்தனை மில்லிமீட்டர் தடிமன்? நீங்கள் வாங்கிய ரிவெட்டின் நீளம் என்ன? சட்டகத்தைக் காந்தம் இழுக்கிறதா? கிளப் கார் நிறுவன வண்டிகளின் சட்டகம் அலுமினியம்; ஈ-இசட்-கோ நிறுவனத்தின் டிஎக்ஸ்டி வண்டிகளில் எஃகு. எந்த ரிவெட் பொருந்தும் என்பது இதைப் பொறுத்தது.

பதில் (பிடோக் கார் மெருகாளர்)

வெளிறிய பட்டையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நம் ஊரின் நடுப்பகல் வெயிலில் உள்ள புறஊதாக் கதிர்கள் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பிலுள்ள மூலக்கூறுச் சங்கிலிகளை அறுத்துவிடுகின்றன. நீங்கள் காணும் வெள்ளைப் பொடி அப்படிச் சிதைந்த மேல்தோல்தான். இணையக் காணொளிகளில் ஹீட் கன் (சூடான காற்றை ஊதும் கருவி) காட்டி நொடியில் கறுப்பாக்குவார்கள். அந்த நிறம் சில மாதங்களில் மறைந்துவிடும். கை சற்று நின்றுவிட்டால் பட்டை உருகி நெளிந்துவிடும். பெரியவர்கள் கை வைக்கும் இடத்தில் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

முதலில், நீங்கள் தடவிய டயர் திரவத்தின் சிலிக்கோன் எண்ணெய்ப்பசை முழுவதும் போக வேண்டும். சோப்பு நீரும் தூரிகையும் கொண்டு இருமுறை தேய்த்துக் கழுவி, உலர்ந்த பின் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். பிறகு சிறிது நீர் தெளித்துப் பாருங்கள். நீர் முத்து முத்தாக உருண்டால் எண்ணெய்ப்பசை இன்னும் மிச்சமிருக்கிறது. மெல்லிய படலமாகப் பரவினால் பூச்சுக்குத் தயார். அதன்மேல், பிளாஸ்டிக்கில் இறுகி உலரும் வகைப் பூச்சை நிழலில் மெல்லியதாகப் பூசி, ஒரு நாள் முழுவதும் நீர் படாமல் விடுங்கள். சாதாரணப் பெயின்ட் வேண்டாம்; இந்தப் பாலிபுரொப்பிலீன் வகைப் பிளாஸ்டிக்மீது ஒட்டுதலுக்கான பிரைமர் இல்லாமல் அது உரிந்துவிடும்.

யீஷூன் பராமரிப்பாளர்

இருவருக்கும் நன்றி. பட்டை 3, சட்டகம் 3, மொத்தம் 6 மில்லிமீட்டர். ரிவெட்டின் நீளம் 8 மில்லிமீட்டர். சட்டகத்தைக் காந்தம் இழுக்கவில்லை. ஆனால் புதிய ரிவெட்டின் தலையை இழுக்கிறது. கழற்றிய துளைகளைச் சுற்றி அலுமினியத்தில் வெள்ளைப் படிவு தெரிகிறது.

பதில் (ஜூரோங் பட்டறைக்காரர்)

தம்பி, காரணம் இதிலேயே தெரிந்துவிட்டது. 6 மில்லிமீட்டர் தடிமனுக்கு 8 மில்லிமீட்டர் ரிவெட் போட்டால், பின்பக்கம் 2 மில்லிமீட்டர்தான் நீட்டிக்கொண்டிருக்கும். அது பிதுங்கிக் குமிழாவதற்குப் போதாது. தடிமனோடு விட்டத்தின் ஒன்றரை மடங்கைக் கூட்டுவது பழைய பட்டறைக் கணக்கு: 6 கூட்டல் 7.2, அதாவது ஏறத்தாழ 13 மில்லிமீட்டர். 12, 14 என்று கிடைப்பவற்றில், பெட்டியின்மீது அச்சிட்டுள்ள பிடிப்புத் தடிமனுக்குள் உங்கள் 6 அடங்குகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

அலுமினியத்தில் எஃகு ரிவெட் போட்டால், மழை ஈரம் பட்டவுடன் அலுமினியம் அரிக்கத் தொடங்கும். அலுமினிய உடலுடைய, 14 அல்லது 16 மில்லிமீட்டர் அகலத் தலை கொண்ட ரிவெட்டைக் கேளுங்கள். நடு ஊசி பெரும்பாலும் எஃகாகவே இருக்கும். அதைக் கண்டு குழம்ப வேண்டாம்.

விரிசலுக்குக் காரணம் வேறு. ஒரு மீட்டர் பாலிபுரொப்பிலீன் 30 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் நீளும், அலுமினியமோ 0.7 மில்லிமீட்டர்தான். எல்லாத் துளைகளையும் இறுக்கமாக வைத்தால் பிளாஸ்டிக்குக்குப் போக இடமில்லாமல் கிழியும். சட்டகத்தில் 4.9 மில்லிமீட்டர் துளை போதும். பிளாஸ்டிக்கில் நடுத்துளையை மட்டும் அதே அளவில் விட்டு, மற்றவற்றை 6 மில்லிமீட்டராகப் பெரிதாக்குங்கள். அகலத் தலை அதை மறைத்துவிடும். விரிசலின் நுனியில் 2 மில்லிமீட்டர் துளை ஒன்று போட்டால் விரிசல் மேற்கொண்டு ஓடாது.

பழைய ரிவெட்டை எடுக்கும்போது நடு ஊசியை முதலில் 'பஞ்ச்' எனும் மழுங்கிய முனைக் கருவியால் தட்டி உள்ளே தள்ளிவிட்டு, பிறகு தலையை மட்டும் குடையுங்கள். ரிவெட் சுழன்றால் தலைக்கடியில் மெல்லிய திருப்புளியைச் செருகி முட்டுக் கொடுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி அணிய மறக்காதீர்கள். சட்டகத் துளை அகன்று போயிருந்தால் 6.4 மில்லிமீட்டர் ரிவெட் வேண்டும். சிறிய ரிவெட் துப்பாக்கி அதை இழுக்காது, நீண்ட கைப்பிடி உள்ளதைக் கடன் வாங்குங்கள். ரிவெட் வேலை எல்லாம் முடிந்த பிறகே பூச்சுப் பூசுங்கள். இல்லையென்றால் டிரில் தூள் அதில் கீறல் போடும்.

யீஷூன் பராமரிப்பாளர் (மூன்று வாரங்களுக்குப் பின்)

ஐயா, சொன்னபடியே செய்தேன். மூன்று துளைகளில் 4.8 மில்லிமீட்டர் விட்ட அலுமினிய ரிவெட் உறுதியாக நின்றது. நான்காவது துளை அகன்றிருந்ததால் 6.4 போட வேண்டியதாயிற்று. சட்டகத்துக்குள் விழுந்த பழைய ஊசிகள் வண்டி ஓடும்போது கலகலவென்று ஒலித்தன. கம்பியின் முனையில் சிறு காந்தம் கட்டி அவற்றை வெளியே எடுத்தேன். பிளாஸ்டிக்கைக் கழுவியதில் மூன்றாவது முறைதான் நீர் படலமாகப் பரவியது. இதுவரை நான்கு மழை பார்த்தாயிற்று. கறுப்பு நிறம் வழியவில்லை, விரலில் பொடியும் ஒட்டவில்லை. நேற்று முதல் பெரியவர்களை மீண்டும் ஏற்றிச் செல்கிறோம்.