பழைய வேனுக்கு எல்.ஈ.டி பல்ப் போடலாமா?

கினிகத்தேனை வேன்:
என்னுடையது பழைய ஜப்பானிய வேன், எச்4 பல்ப் (டிம், பிரைட் இரண்டு இழையும் உள்ள ஹலஜன் பல்ப்). ஹட்டனிலிருந்து நானுஓயா வரை இரவிலும் ஆட்களை ஏற்றிச் செல்கிறேன். தலவாக்கலை தாண்டிப் பனிமூட்டம் இறங்கினால், டிம் வெளிச்சத்தில் வீதியோரக் கோடே தெரிவதில்லை. விளக்கை முழுதாக மாற்றக் கையில் பணமில்லை. மலிவான எல்.ஈ.டி பல்ப் போதுமா?

பண்டாரவளை முச்சக்கரம்:
தயங்காமல் போடுங்கள் அண்ணன். பழைய 35 வாட் பல்பை நம்பித் தோட்டத்துப் பாதையில் இறங்கினால் குழி எது, கான் எது என்றே தெரியாது. எல்.ஈ.டி போட்ட பிறகு தேயிலைச் செடியின் இலைகூடத் தெரிகிறது. பற்றரிக்கும் பாரம் குறைவு.

தலவாக்கலை மின்வேலை:
உங்களுக்குத் தெரிகிறது தம்பி, எதிரே வருபவருக்கு? எச்4 பல்பைக் கையில் எடுத்துப் பாருங்கள். டிம் இழையின் கீழே கரண்டி போல ஒரு சிறு தகடு இருக்கும். கீழே போகும் ஒளியை அது மறைக்கிறது. அதனால் விளக்குக் கிண்ணத்தின் மேற்பாதியில் பட்ட ஒளி மட்டும் திரும்பி வீதியில் விழுகிறது. மலிவான எல்.ஈ.டியில் ஒளி பிறக்கும் இடமே தள்ளிப்போய்விடுவதால் வெளிச்சம் கண்டபடி சிதறும். டெவோன் நீர்வீழ்ச்சிப் பக்கத்து வளைவில் ஏறிவரும் பஸ் சாரதியின் கண்ணில் அது அடித்தால், ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம், அவர் எங்கே ஒதுங்குவார்?

பண்டாரவளை முச்சக்கரம்:
புதிய கார்கள் எல்லாம் வெள்ளை வெளிச்சத்தோடுதானே வருகின்றன? அவர்களிடம் யாரும் எதுவும் கேட்பதில்லையே.

தலவாக்கலை மின்வேலை:
அந்தக் கார்களின் விளக்கே எல்.ஈ.டிக்காகச் செய்யப்பட்டது. இழைக்காகச் செய்த கிண்ணத்தில் வேறொன்றைச் செருகுவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

வேன் அண்ணன், முதலில் எஞ்சினை ஓடவிட்டு, விளக்கைப் போட்டு, பற்றரியிலும் பல்பின் சொக்கெட்டிலும் வோல்ட் அளந்து பாருங்கள். அரை வோல்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வயரிங்தான் குறை. மின்னழுத்தம் 10 சதவீதம் குறைந்தால் ஹலஜன் பல்பின் ஒளி ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்துவிடும். பற்றரியிலிருந்து ஃபியூஸ், ரிலே (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் ஸ்விட்ச்) வழியாகத் தடித்த வயர் இழுங்கள். நல்ல 60/55 வாட் பல்ப் போதும். 100/90 வாட் வேண்டாம். அந்தச் சூட்டில் சொக்கெட் உருகும். விளக்கின் முகப்பு பிளாஸ்டிக்காக இருந்து மஞ்சளித்திருந்தால், சாண்ட் பேப்பரை நீரில் நனைத்து முதலில் 1000 இலக்கம், பிறகு இன்னும் நைசான 2000 இலக்கம் எனத் தேய்த்துப் பாலிஷ் போடுங்கள். மேலே கிளியர் (நிறமற்ற பாதுகாப்புப் பூச்சு) பூசாவிட்டால் மஞ்சள் திரும்பி வரும்.

கினிகத்தேனை வேன்:
பனிமூட்டத்துக்கு மஞ்சள் பல்ப் நல்லது என்கிறார்களே?

தலவாக்கலை மின்வேலை:
நிறத்தை நம்பிப் பணம் செலவழிக்காதீர்கள். பனித்துளி ஒளியின் அலைநீளத்தைவிடப் பன்மடங்கு பெரியது, எல்லா நிறத்தையும் ஒரே மாதிரித்தான் சிதறடிக்கும். மஞ்சள் கண்ணுக்கு இதமாக இருக்கலாம், அவ்வளவுதான். ஒளி மேலே ஏறாமல் தாழ விழ வேண்டும். ஃபொக் விளக்கைப் பம்பரின் அடியில் பூட்டுவது அதற்காகத்தான்.

பண்டாரவளை முச்சக்கரம்:
எங்கள் பாதையில் ஒரு தெருவிளக்கும் இல்லை. வகுப்பு முடிந்து பிள்ளைகள் இருட்டில்தான் லயத்துக்கு நடந்து போகிறார்கள். அந்தப் பிள்ளைகளை நான் தூரத்திலேயே பார்க்க வேண்டும். அதனால் எல்.ஈ.டியைக் கழற்ற மாட்டேன்.

தலவாக்கலை மின்வேலை:
அந்தப் பிள்ளைகளுக்காகத்தான் நானும் எழுதுகிறேன். உங்கள் ஒளியில் கண் கூசிய லொறிக்காரருக்கு, உங்கள் வண்டிக்குப் பக்கத்தில் நடக்கும் பிள்ளை தெரியாது. தொழிற்சாலை முற்றம் போன்ற சமதரையில், சுவருக்கு 10 மீற்றர் தள்ளி வண்டியை நிறுத்தி டிம் போடுங்கள். ஒளியின் மேல் விளிம்பு விளக்கின் உயரத்தைவிட 10 சென்ரிமீற்றர் கீழே, தெளிவான கோடாக விழ வேண்டும். கோடே விழாவிட்டால் எந்தத் திருகைத் திருப்பியும் பயனில்லை.

பண்டாரவளை முச்சக்கரம்:
சுவரில் பார்க்கிறேன். கோடு விழுந்தால் வைத்துக்கொள்வேன். நீங்கள் சொன்னதற்காக மட்டும் கழற்ற முடியாது.

கினிகத்தேனை வேன்:
அளந்துவிட்டேன். பற்றரியில் 13.8, சொக்கெட்டில் 12.1. ரிலேயே போடுகிறேன். கவனிக்க வேண்டியது ஏதாவது உண்டா?

தலவாக்கலை மின்வேலை:
உண்டு. பல ஜப்பானிய வாகனங்களில் விளக்கு ஸ்விட்ச் எர்த் (மைனஸ்) பக்கத்தில்தான் இருக்கும். ரிலேயை இயக்கும் காயிலின் ஒரு முனையை வண்டியின் பொடியில் (உலோக உடலில்) கட்டினால் வேலை செய்யாது. காயிலின் இரண்டு முனைகளையும் பழைய சொக்கெட்டிலேயே இணையுங்கள், எந்த வகையானாலும் பிடிக்கும்.