பல் இம்பிளான்ட்: அம்மாவுக்காகக் கேட்கிறேன்

வணக்கம். அம்மாவுக்கு வயது 64, மதுரையில் இருக்கிறார். கீழ்த்தாடையில் கடைவாய்ப்பல் எடுத்த இடம் காலியாகக் கிடக்கிறது. ஒரு பக்கமாகவே மெல்கிறார், முறுக்கைக்கூடக் காபியில் ஊறவைத்துத்தான் சாப்பிடுகிறார். இம்பிளான்ட் வைக்கலாம் என்கிறார் டாக்டர். தாடையில் பதிக்கும் டைட்டானியம் திருகு எலும்போடு பிடித்துக்கொள்ள 3 முதல் 6 மாதம் ஆகலாமாம், அப்புறம்தான் மேலே கேப் (பல் வடிவ உறை).

அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு, மூன்று மாதச் சராசரி (HbA1c) 8.2 சதவீதம். அதைவிட என்னை உறுத்துவது, எலும்புத் தேய்மானத்துக்குப் பல வருடமாக அவர் போடும் அலெண்ட்ரோனேட் மாத்திரை. அதை எடுப்பவர்களுக்கு, அபூர்வமாகத்தான் என்றாலும், தாடை எலும்பு ஆறாமல் செத்துப்போகும் ஆபத்து உண்டு. என்னென்ன மாத்திரை என்று அங்கே யாரும் கேட்கவே இல்லை. நாங்களே சொல்லப்போகிறோம்.

இதே நிலையில் இம்பிளான்ட் வைத்தவர்கள் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். சர்க்கரை எவ்வளவு இறங்கிய பிறகு செய்தார்கள்? கீழ்த்தாடை நரம்பு எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று பார்க்க சிபிசிடி ஸ்கேன் (தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் எக்ஸ்ரே) எடுத்தார்களா? சொன்ன தொகையில் கேப்பும் சேர்த்தியா? இம்பிளான்ட்டுக்குப் பதிலாக, பக்கத்துப் பற்களை ராவி பிரிட்ஜ் (அவற்றைப் பிடித்து நிற்கும் செயற்கைப் பல்) போட்டுக்கொண்டவர்களின் அனுபவமும் வேண்டும். மதுரைப் பக்கம் பொறுமையாகப் பேசும் டாக்டர் யாராவது தெரிந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள்.