‘எங்கள் வீட்டில் சாதி பார்த்ததே இல்லை’

வேம்படியான்:
கல்லூரி விண்ணப்பத்தை நிரப்பும்வரை என் சாதி என்னவென்றே எனக்குத் தெரியாது. அன்றுதான் அப்பாவிடம் கேட்டேன். பேசிப் பேசியே நாம் சாதியை வாழவைக்கிறோம். பேச்சை விட்டால் தானாக மறையும்.

தென்றல்முகில்:
தெரியாது என்பதை நம்புகிறேன். எனக்கு ஆறு வயதிலேயே தெரிந்துவிட்டது. தோழி வீட்டில் தண்ணீர் கேட்டேன். அவளுடைய பாட்டி சொம்பை உயரத் தூக்கி, குவித்த என் கைகளில் ஊற்றினார். முழங்கை வழியே வழிந்து பாவாடை நனைந்தது. அந்த வீட்டிலும் ‘நாங்கள் சாதி பார்ப்பதில்லை’ என்றுதான் சொல்வார்கள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்?

கரிசல்காட்டான்:
ஆதிக்க சாதி என்று எல்லோரையும் ஒரே கயிற்றில் கட்டாதீர்கள். எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் மானாவாரி, உரத்துக்கே கடன். மேடையில் ‘ஆண்ட பரம்பரை’ என்கிறார்கள். என் அப்பா யாரை ஆண்டார்?

மருதன்:
நானும் அப்படிப்பட்ட வீட்டில் பிறந்தவன்தான், கரிசல்காட்டான். அதனால் சொல்கிறேன். எனக்குப் பத்து வயது. களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்த அறுபது வயதுப் பெரியவர், என்னைக் கண்டதும் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு ‘சின்னய்யா’ என்றார். நான் அவரைப் பெயர் சொல்லி ‘நீ’ என்றேன். யாரும் என்னைத் திருத்தவில்லை. வீட்டில் அரிசி இல்லாத நாளிலும் அந்த மரியாதை எங்களுக்குக் கிடைத்தது. அமெரிக்காவின் ஏழை வெள்ளைத் தொழிலாளிக்குக் குறைந்த கூலியோடு மனத்துக்கும் ஒரு கூலி கிடைத்தது என்று கறுப்பினச் சமூகவியலாளர் டு போய்ஸ் 1935இல் எழுதினார். எங்கள் கூலி அந்தத் துண்டு.

இன்னொன்று. 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆங்கிலேய அதிகாரி ரிஸ்லி சாதிகளைச் சமூக அந்தஸ்துப்படி வரிசைப்படுத்த முனைந்தபோது, தங்களை மேலே வைக்கும்படி சாதிச் சங்கங்கள் மனு மேல் மனுவாக அனுப்பின. 2015இல் குஜராத்தில், நிலமும் அரசியல் பலமும் உள்ள படேல் சமூகத்தினர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இடம் கேட்டுப் போராடினார்கள். பெருமை பேசும்போது உச்சி, பங்கு கேட்கும்போது அடிமட்டம். இரண்டையும் மனமார நம்புகிறோம் என்பதுதான் என்னை உறுத்துகிறது.

கரிசல்காட்டான்:
நிலம் சோறு போட்டிருந்தால் அவர்கள் தெருவுக்கு வந்திருப்பார்களா? துண்டு விஷயத்தை மறுக்கவில்லை. எங்கள் ஊரிலும் அது உண்டு. ஆனால் அதை வைத்துக் கடனை அடைக்க முடியாது.

தென்றல்முகில்:
வேம்படியான், ஒரே ஒரு கேள்வி. அன்று நீங்கள் கேட்டபோது அப்பா எப்படிச் சொன்னார்? வாடகை வீடு தேடும்போது யாராவது ‘நீங்கள் என்ன ஆட்கள்?’ என்று கேட்டால் என் அப்பாவின் குரல் தாழ்ந்துவிடும்.

வேம்படியான்:
கூடத்தில் விருந்தினர்கள் இருந்தார்கள். அப்பா உரக்கவே சொன்னார். இதை நான் இதுவரை யோசித்ததில்லை. ஆனாலும் பேச்சைக் குறைக்க வேண்டும் என்ற என் கருத்தில் மாற்றமில்லை.