வளவில் நிற்கும் அலரியும் பரியாரியாரின் எண்ணெயும்

உப்புவெளியான்:
எங்கள் ஒழுங்கையில் ஒருவர், சொறிக்கு நல்லதென்று யாரோ சொன்னதை நம்பிச் செவ்வலரி இலையை அவித்து, அந்த நீரைக் குடிக்க ஆயத்தமானார். மகள் கண்டு சட்டியைக் கவிழ்த்ததால் தப்பினார். இலை, பூ, பட்டை, வேர், விதை என்று எல்லாப் பாகத்திலும் இதயத்தைத் தாக்கும் நஞ்சுள்ள செடி இது. அவித்தாலும் உலர்த்தினாலும் அந்த நஞ்சு போவதில்லை. ஆகவே சித்த மருத்துவத்திலிருந்து அலரியை நீக்க வேண்டும், வீட்டு வளவுகளிலும் அதை நடக்கூடாது என்பது என் கருத்து.

வேர்ப்பட்டை:
அண்ணா, அந்த மகள் செய்தது சரி. ஆனால் படித்த எந்தப் பரியாரியாரும் அலரியிலையை அவித்துக் குடிக்கச் சொல்லமாட்டார். நான் இங்கே திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் படிக்கிறேன். வேர்ப்பட்டையை எண்ணெயில் காய்ச்சி, படை, கரப்பான் ஆகிய தோல்நோய்களுக்கு மேலே பூசுவதுதான் பெருவழக்கு. உள்ளே கொடுக்கும் அரிய இடங்களில், ஆயுர்வேதத்தார் கரவீரம் என்னும் இதே செடியைத் துணியில் முடிந்து பசுப்பாலில் தொங்கவிட்டு வேகவைத்துச் சுத்தி செய்த பின்பே எடுக்கிறார்கள். இந்திய மருந்து விதிகளின் ஈ(1) அட்டவணை, எட்டி, ஊமத்தை, சேராங்கொட்டை ஆகியவற்றோடு அலரியையும் நச்சுப்பொருளாகவே பெயரிட்டு, அவை சேர்ந்த உள்மருந்துகளின் உறையில் மருத்துவரின் மேற்பார்வை தேவை என்ற எச்சரிக்கையை அச்சிடச் சொல்கிறது. 1785 இல் ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் விதரிங் மருந்தாக எழுதி வைத்த டிஜிட்டாலிஸ் செடியும் தோட்டத்து நச்சுப்பூச்செடிதான். அந்தக் குடும்பத்து மருந்தான டிஜொக்சினை இன்றும் இதய நோயாளர் விழுங்குகிறார்கள். அதையும் நீக்குவோமா?

உப்புவெளியான்:
தங்கச்சி, டிஜொக்சின் உங்கள் வாதத்துக்கே எதிராக நிற்கிறது. ஒரு மாத்திரையில் 0.25 மில்லிகிராம் என்றால் எல்லா மாத்திரையிலும் அவ்வளவுதான். இரத்தத்தில் எவ்வளவு நிற்கிறது என்பதையும் அளக்கலாம். அலரியில் செடிக்குச் செடி, பருவத்துக்குப் பருவம் நஞ்சு மாறும்போது, பரியாரியார் வீட்டு அடுப்படியில் அதை அளப்பவர் யார்? இதயத் தசையில் இந்த உப்புகளைக் கடத்தும் சோடியம்–பொற்றாசியம் பம்பியை அந்த நஞ்சு முடக்கினால் துடிப்பு தடுமாறும், இரத்தத்தில் பொற்றாசியம் ஏறும். இதே வகை நஞ்சுள்ள உறவுச்செடியான மஞ்சள் அலரியால் நஞ்சேறிய இலங்கை நோயாளர்களிடம் எதிர்ப்பொருள் மருந்தைச் சோதித்த ஆய்வு 2000 இல் லான்செட் இதழில் வந்தது. மருந்து வேலை செய்தது, விலையோ எட்டாத உயரம். அமெரிக்காவில் 2020 இல் அலரியின் நஞ்சான ஒலியாண்டரினைக் கொரோனாவுக்கு நல்லதென்று சிலர் தூக்கிப்பிடித்தபோது, அதை உணவுத் துணைப்பொருளாக விற்க அந்நாட்டு மருந்து நிருவாகம் இடம்கொடுக்கவில்லை.

கோட்டைவாசல்:
நான் மருத்துவன் அல்லன், ஆடு வளர்த்தவன். கோட்டைப் பக்கமிருந்து வரும் புள்ளிமான்கள் என் வேலியில் எதையும் மிச்சம் வைப்பதில்லை, அலரியை மட்டும் முகர்ந்துவிட்டு விலகும். பச்சையிலையின் கசப்பு அப்படி. போன வருடம் கச்சான் காற்றுக் காலத்தில் அலரியை வெட்டி, கொப்புகளை வேலியோரம் போட்டுவிட்டேன். நாலாம் நாள் அந்தச் சருகைக் கிடாய் தின்றது. வாடிய இலையில் கசப்பு மழுங்கிவிடுமாம், நஞ்சு மட்டும் குறையாதாம். எனக்கு அது பிறகுதான் தெரிந்தது. விலாவில் கையை வைத்துப் பார்த்தேன். ஒரு துடிப்பு வந்தது, நெடுநேரம் ஒன்றுமில்லை, பிறகு இரண்டு அடுத்தடுத்து வந்தன, மறுபடியும் நின்றது. பொழுதுபடுமுன் செத்துவிட்டது. ஆகவே வெட்டுங்கள் என்று சொல்பவர்கள், வெட்டியதை என்ன செய்வது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எரிக்கவும் கூடாது, புகையிலும் நஞ்சுண்டு. இன்னொன்று: செவ்வரத்தம்பூவைக் கொதிநீரில் போட்டுக் குடிக்கும் ஊர் இது. செவ்வரத்தை, செவ்வலரி என்ற இரண்டு பெயரையும் தொலைபேசியில் கேட்டால் ஒன்றுபோலவே காதில் விழும்.

வேர்ப்பட்டை:
ஐயா சொன்ன கசப்பு முக்கியமானது. பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு கசாயம் குடிப்பவருக்கு அந்த எச்சரிக்கையும் கிடைக்காது. காய்ச்சிய எண்ணெயைச் சிறுபிள்ளைகள் உள்ள வீட்டில் பெயரொட்டாத போத்தலில் வைப்பது தவறு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாடத்திலிருந்து நீக்குவதை ஏற்கமாட்டேன். அண்ணாவின் ஒழுங்கைக்காரர் எந்தப் பட்டியலையும் பார்த்து இலை பறிக்கவில்லை, வாய்ச்சொல்லைக் கேட்டே பறித்தார். நாங்களும் படிக்காமல் விட்டால், அவர் வந்து கேட்கும்போது வேண்டாம் என்று காரணத்தோடு சொல்ல ஆளிருக்காது.

உப்புவெளியான்:
படிப்பதை நான் மறுக்கவில்லை, கொடுப்பதைத்தான் மறுக்கிறேன். வெடித்துப் புண்ணான தோலில் அந்த எண்ணெயைப் பூசினால் உடலுக்குள் எவ்வளவு இறங்கும் என்ற கேள்விக்கு நீங்கள் இன்னும் விடை சொல்லவில்லை. யாராவது தவறி விழுங்கினால் கைவைத்தியம் பார்த்து நேரம் கடத்தாமல், செடியின் கொப்பொன்றையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஈசிஜி எடுக்காமல் இதயத்தின் நிலை தெரியாது.

என் வளவில் நின்ற நான்கில் மூன்றை வெட்டி ஆழமாகப் புதைத்துவிட்டேன். நான்காவதை வெட்ட அயல்வீட்டு அம்மா விடவில்லை. திருமுருகாற்றுப்படையிலேயே முருகனுக்குக் கணவீர மாலை உண்டு, அது இந்தச் செவ்வலரிதான் என்று அவர் சொன்னதற்கு என்னிடம் மறுமொழி இருக்கவில்லை. விடியப் பூப்பறித்து முடிந்ததும் எங்கள் கிணற்றடியில் சவர்க்காரம் போட்டுக் கைகழுவிவிட்டுத்தான் போகிறார்.